மணித்தூணடி

எங்கள் பள்ளிக்கூடத்து மணித்தூணில் வைரவர் இருக்கிறார் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். பரீட்சை நாட்களில் பிள்ளைகள் வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். முதலில் கற்பூரம் கொளுத்திக் கொளுத்தித் தூணின் அடி கறுத்தது. பிறகு யாரோ ஒருவர் ஒரு சின்னச் சூலத்தையும் கொண்டுவந்து நட்டுவிட்டார்.

அந்த வைரவர் வந்ததற்குக் காரணம் என் அக்கா. அவளுக்கு அப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை. வருடத்தில் ஒருநாள், விஜயதசமியன்று, தூணடியில் ஒரு கிண்ணம் பாலை ஊற்றி நாலு பூவை வைத்துவிட்டுப் போவாள். எங்கள் ஆட்களுக்கு அவ்வளவும் போதும். ஒரு கல்லடியில் பூவைக் கண்டால் ஒருவர் திருநீறு பூசுவார், அடுத்தவர் விளக்கு வைப்பார், அதற்கடுத்தவர் வடைமாலை சாத்துவார். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் அதே பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வைரவர் இல்லை என்று சொல்லப் போனால், பிறகு என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டிவரும்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் அதை ஒல்லாந்தர் கட்டியது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சுவர் கொஞ்சம் மொத்தமாக இருந்தால் அது ஒல்லாந்தர் கட்டியது. இன்னும் மொத்தமாக இருந்தால் போர்த்துக்கீசர் கட்டியது. உண்மையில் அது வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மிஷன் கட்டிய பள்ளிக்கூடம், பிறகு அரசாங்கம் எடுத்தது. கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்த சுவர். பங்குனி வெயில் வெளியே கொளுத்தும்போதும் உள்ளே தண்ணீர்ப்பானையடியில் இருப்பதுபோல் குளிர்ந்திருக்கும். பனஞ்சிலாகை போட்ட உயர்ந்த கூரை. கதவுகளுக்கு மேலே காற்று வர அரைவட்டத் துவாரங்கள். நீளமான ஒரே மண்டபம், அதன் முன்பக்கம் முழுவதும் விறாந்தை, விறாந்தையில் ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டைத் தூண்கள். நிலத்துக்குச் சதுரச் செங்கல் பதித்திருந்தார்கள். வாசல் கேற்றுக்குக் கிட்ட இருந்த முதல் தூணின் பக்கத்தில், உத்தரத்தில், ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் மணி. அதனால் அந்தத் தூணுக்கு மணித்தூண் என்று பெயர்.

நாங்கள் அங்கே படிக்க வந்தவர்கள் அல்ல. கீரிமலைப் பக்கம் எங்கள் ஊர். புகையிலையும் வெங்காயமும் செய்து சீவித்த குடும்பம். ஊரைவிட்டு எழும்பச் சொன்னபோது எழும்பி, கோயில் கோயிலாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறி, கடைசியில் பட்டணத்தில் இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் முடிக்கும் வயது. கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டால் ஒரு வீடு. அப்படி மண்டபம் நிறைய வீடுகள். எங்கள் வீடு விறாந்தைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா, நான், அக்கா, அத்தான், அவர்களுடைய பிள்ளை.

பிள்ளைக்குத் தவழும் வயது வரவில்லை. ஆண்பிள்ளை. பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அது கப்பலில் மருந்து வராத காலம். மற்றப் பிள்ளைகள் எப்படியோ தேறிவிட்டன. எங்கள் பிள்ளை தேறவில்லை. ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், அக்காவின் மடியிலேயே, அழுகைகூட இல்லாமல் அடங்கிப்போனான். அக்காவும் உடனே அழவில்லை. அவனுடைய வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று காலையிலிருந்து மேலே பொம்மர் விமானம் சுற்றியது. எங்கேயோ கடற்கரைப் பக்கம் ஹெலி சுட்டுக்கொண்டிருந்தது. சுடலைக்குப் போகிற பாதை வெட்டவெளி. ஆண்கள் விறாந்தையில் கூடி நின்று கதைத்தார்கள். மண்டபத்தில் இருந்த ஒரு கிழவர் வந்து, "பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுதோ?" என்று கேட்டார். பல் முளைக்காத பிள்ளையை எரிக்கமாட்டார்கள், மண்ணில் தாட்பார்கள். அக்கா ஒரு விரலால் பிள்ளையின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். பல்லில்லாத வெறும் முரசு. கிழவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் பார்த்த சாவுகள் எத்தனையோ. அந்த உதட்டை அக்கா தூக்கிக் காட்டியதுதான் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது பள்ளிக்கூடத்தை நடத்திய அதிபர் நல்ல மனிதர். முற்றம் முழுவதும் பதுங்கப் பங்கர் வெட்டியாயிற்று, மிச்ச இடத்தில் தாட்டால் நாய் கிண்டும் என்று அவர்தான் சொன்னார். மணித்தூணடியில் விறாந்தைக் கல்லைக் கிளப்பலாம் என்று சொன்னவரும் அவர்தான். அலுவலகத்துக்குப் போய்த் தன்னுடைய மேசையிலிருந்து கீழ் லாச்சியை முழுதாக இழுத்து எடுத்துக்கொண்டு வந்தார். நிலப்படங்களைச் சுருட்டி வைப்பதற்காக அந்தக் காலத்தில் செய்த நீட்டு இழுப்பறை. "முதிரை மரம். கறையான் அரிக்காது," என்றார். அத்தானின் வேட்டியில் பாதியைக் கிழித்து உள்ளே விரித்தோம். அக்காவே பிள்ளையை வைத்தாள். வைத்துவிட்டு, காலைத் தடவி நேராக்கி, "கால் நீட்டிப் படுக்கிறான்," என்றாள். அது அவளுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

அத்தான் இரும்பு அலவாங்கால் கல்லைக் கிளப்பி, தூணோடு ஒட்டிக் கிடங்கு வெட்டினார். மூடியானதும் கற்களைத் திரும்பப் பதித்தார்கள். அதிபர் அக்காவிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "தங்கச்சி, இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. பள்ளிக்கூடம். பிள்ளையள் பயப்பிடுவினம்," என்றார். அக்கா ஓம் என்றாள். அடுத்த நாள் காலையில் மணி அடித்தது. மரநிழலில் வகுப்பு நடந்தது. அக்கா தூணில் சாய்ந்தபடி அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அங்கே இருந்த காலம் முழுவதும் அதுதான் அவளுடைய இடம்.

பிறகு ராணுவம் பட்டணத்தை நெருங்க, பெரிய இடப்பெயர்வு. ஒரே மழையில் எல்லாரும் பாலத்தைக் கடந்தோம். தென்மராட்சி, வன்னி. அம்மா வன்னியில் காய்ச்சலில் போனார். அத்தான் கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து செத்தார். அவரை வீதியோரத்தில் ஒரு தறப்பாளால் மூடிவிட்டு ஓடிவந்தோம். அந்த இடம் எது என்று கேட்டால் எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஆகவே அக்கா திரும்பி வந்தபோது, இந்த உலகத்தில் அவளுடையது என்று கைகாட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊரில் காணி இருந்தது, அதற்குள் ஆமி முகாம் இருந்தது.

எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது தற்செயல். முதல்நாள் கேற்றடியில் நின்று பார்த்தேன். நாங்கள் போன பிறகு கட்டடம் குண்டுபட்டு இடிந்துபோனது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் எல்லாம் அப்படியே நின்றது. வெள்ளைச் சுவர், ஓடு, உருண்டைத் தூண்கள், முதல் தூணடியில் தண்டவாளத் துண்டு. இப்போதைய அதிபர் என்னைவிடச் சில வயது மூத்தவர். கட்டடம் திரும்பக் கட்டப்பட்டபோது இங்கே இளம் ஆசிரியராக இருந்தவர். "பாத்தியளோ ரீச்சர், சமாதான காலத்திலை பழைய மாணவர் காசு அனுப்பிக் கட்டினது. முந்தி இருந்தமாதிரியே அச்சொட்டாக் கட்டினது. ஆரும் வித்தியாசம் சொல்லமாட்டினம்," என்றார்.

ஒரு வித்தியாசம் எனக்குப் பட்டது. சின்ன வயதில் பார்த்த இடம் பிறகு பார்க்கும்போது சிறிதாகத் தெரியும் என்பார்கள். எனக்கு மண்டபம் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்குச் சேலைகளும் சனமும் நிறைந்திருந்தது, இன்றைக்கு வெறுமையாக இருக்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திர அறைக்கு மேசை இல்லை என்று களஞ்சிய அறையில் தேடியபோது அந்தப் பழைய மேசை கிடந்தது. வலப்பக்கத்தில், கீழ் லாச்சி இருக்கவேண்டிய இடத்தில், கறுப்பு ஓட்டை. அதை நான் கேட்டு வாங்கி என் அறையில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் அந்த ஓட்டைக்குள் பழைய தூரிகைகளையும் மாங்கொட்டைகளையும் போடுவார்கள். நான் ஒவ்வொரு பின்னேரமும் அதைத் துப்புரவாக்குவேன்.

அந்த முதல்நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"தூண் நிக்குதோ?"

"நிக்குது."

"மணி?"

"அதுவும் அங்கைதான்."

அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாள். அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதை நான் கண்டு எவ்வளவோ காலம்.

குழந்தைக்குத் திதி கிடையாது, ஆட்டைத் திவசம் கிடையாது. எப்போதோ போன அப்பாவுக்கு ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகலாம், அம்மாவுக்குச் சித்திரைப் பறுவம் இருக்கிறது. முரசோடு போன பிள்ளைக்குச் சாத்திரத்தில் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. ஆகவே அக்கா தானே ஒருநாளைத் தெரிந்தெடுத்துக்கொண்டாள். விஜயதசமியன்று பள்ளிக்கூட மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். அன்று கேற் எல்லாருக்கும் திறந்திருக்கும். உள்ளே பிள்ளைகள் அரிசியில் அகரம் எழுதி அழும்போது, அக்கா வெளியே தூணடியில் பாலை ஊற்றுவாள். "அவனுக்கும் இண்டைக்குத்தான் தொடக்கியிருப்பம்," என்று ஒருமுறை சொன்னாள். வேறொன்றும் சொன்னதில்லை. வைரவர் அப்படித்தான் வந்தார்.

போன வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு நிறைவு விழா. விழா மலர் அச்சிடுவது, பழைய பொருட்களைக் கண்காட்சியாக வைப்பது, வைரவருக்கு மாபிள் பதித்த சிறு கோயில் கட்டுவது என்று கூட்டத்தில் தீர்மானம். கட்டடத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்கள்தான் ரீச்சர் பொருத்தம். கட்டடத்தை உங்களை மாதிரி ஆரும் பாத்துப் பாத்துப் படமாக் கீறினதில்லை," என்று அதிபர் சொன்னார். எனக்கு அந்த நேரம் வரலாறு காதில் ஏறவில்லை. கோயில் கட்டுவதென்றால் அத்திவாரம் வெட்டவேண்டும். தூணோடு ஒட்டி வெட்டவேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"கிண்டுவினமோ?"

"ஓம்."

எங்கள் மண்ணில் எலும்பு வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் நாடா கட்டுவார்கள். பொலிஸ் வரும், நீதவான் வருவார், கமெராவோடு ஆட்கள் வருவார்கள். எலும்பைப் பையில் போட்டு இலக்கம் ஒட்டி எங்கேயோ கொண்டுபோவார்கள். யாருடைய பிள்ளை, யார் சுட்டது என்று ஊரெல்லாம் கேட்கும். ஒருவரும் சுடவில்லை, வயிற்றோட்டம் என்று அக்கா நடு முற்றத்தில் நின்று சொல்ல வேண்டிவரும்.

அதிபரிடம் போய், கோயில் வேண்டாம், மணி அடிக்கும் இடம், நெருக்கடியாகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வைரவருக்குச் செய்யிறதை இடையிலை நிப்பாட்டக்கூடாது ரீச்சர்." உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். அவள் சம்மதிக்கவில்லை. "அந்த மனுசன் கும்பிட்டுக் கேட்டவர். நான் ஓம் எண்டனான்." அந்த மனிதர் செத்தே பல காலமாகிவிட்டது. கோபம் வந்து கத்தினேன். அவள் ஒரு வெள்ளைத் துணியைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். கிண்டும்போது தான் பக்கத்தில் நிற்பதாகவும், லாச்சி தெரிந்தவுடன் இறங்கித் தானே தூக்கிக்கொண்டு கீரிமலைக்குப் போய்விடுவதாகவும் சொன்னாள். அவ்வளவுதான் அவளுடைய திட்டம். யாரும் மறித்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "மறிக்கட்டும் பாப்பம்," என்றாள்.

ஒரு சனிக்கிழமை வெட்டினார்கள். கல் கட்டுகிற மேசனும் உதவிக்கு ஓர் ஆளும். அதிபர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வைரவர் பக்தை வந்திருக்கிறா என்று சொல்லி அக்காவுக்கும் ஒரு கதிரை போட்டார். அக்கா உட்காரவில்லை. வெள்ளைத் துணியை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு, கிடங்கின் விளிம்பில் நின்றாள்.

முதலில் சல்லியும் சீமெந்துக் கட்டியும் வந்தன. பிறகு சிவப்பு மண். பிறகு ஒரு சோடாப் போத்தல், கிழிந்த சீமெந்துப் பை. அலவாங்கு எதிலோ பட்டு டங்கென்றது. அக்கா ஒரு காலைக் கிடங்குக்குள் வைத்துவிட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். மேசன் மண்ணை ஒதுக்கினார். கொன்கிறீற். தூணின் அத்திவாரம். ஒரு மூலையில் கம்பி துருத்திக்கொண்டு நின்றது.

"இவ்வளவு ஆழம் போதும்," என்று மேசன் வேர்வையைத் துடைத்தார்.

"தம்பி, இஞ்சாலைப் பக்கம் கொஞ்சம் கிண்டும்," என்றாள் அக்கா.

"இஞ்சாலை தேவையில்லை அம்மா."

"கிண்டும் எண்டுறன்."

அவளுடைய குரலைக் கேட்டு மேசன் வெட்டினார். மண் வந்தது. கீழே வெறும் கல்லுப் பாறை. மேசன் நிமிர்ந்து, "என்னம்மா தேடுறியள்?" என்று கேட்டார்.  அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன். ஒருவரும் அவனைத் தொடவில்லை என்ற நிம்மதி. அது கொஞ்ச நேரம்தான். பிறகு அவள் தூணைப் பார்த்தாள், கிடங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நான் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷன்காரர் முருகைக்கல்லில் கட்டிய தூணுக்குள் கம்பி எப்படி வரும்? தூணைத் திரும்பக் கட்டினார்கள் என்பது தெரியும். நின்ற இடத்திலேயே கட்டினார்கள் என்று யார் எனக்குச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டேன். அச்சொட்டாக என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறோம்.

"சேர், இந்தத் தூண் முந்தியும் இந்த இடத்திலைதானோ நிண்டது?" என்று கேட்டேன்.

அதிபருக்குச் சந்தோஷம். வரலாறு எழுதத்தான் கேட்கிறேன் என்று நினைத்தார். கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னார். "இல்லை ரீச்சர், இது புது இடம். பழைய தூணெல்லாம் வெடிச்சுப்போச்சு. அதுகளை அத்திவாரத்தோடை கிண்டி எடுத்துப்போட்டு, விறாந்தையை மண்டபத்துக்குள்ளை சேர்த்தது. மண்டபம் காணாது எண்டுதானே எல்லாருக்கும் குறை. பிறகு வெளியிலை தள்ளி அதே அளவிலை, அதே உருண்டையாத் தூண் கட்டினது. பாத்தியளோ, இவ்வளவு காலம் இருந்து உங்களுக்கே தெரியேல்லை! அதுதான் வேலை."

"அந்தக் கிண்டின கல்லும் மண்ணும்?"

"ரக்ரரிலை ஏத்தி அனுப்பினது. குருநகர்ப் பக்கம் ஆரோ பள்ளக் காணி நிரப்பக் கேட்டவை."

"அதுக்குள்ளை பலகை கிலகை ஏதும் வந்ததோ?"

அவர் சிரித்தார். "பலகையோ? எவ்வளவோ வந்தது ரீச்சர். ஆர் அதைப் பாத்தது?"

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கிடங்கில் வைத்த காலை எடுத்து, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தூணில் தட்டினாள். இருவரும் வீதிக்கு வந்தோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது மெல்லச் சொன்னாள்: "அப்ப நான் இவ்வளவு காலமும் கொன்கிறீற்றுக்கோ பால் ஊத்தினனான்?"

 பழைய விறாந்தை இப்போது மண்டபத்துக்குள் இருக்கிறது, தூணை மட்டும்தான் கிண்டியிருப்பார்கள், பக்கத்தில் இருந்த கிடங்கு தப்பியிருக்கும், மண்டபத்து நிலத்தில் பதித்த ரைல்ஸுக்குக் கீழே அவன் இன்னும் இருக்கலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே, தூணோடு ஒட்டித்தான் அத்தான் வெட்டினார் என்பது ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்திருக்கும்.

அடுத்த நாள் அவள் குருநகருக்குப் போகவேண்டும் என்றாள். போனோம். எந்தக் காணி என்று யாரைக் கேட்பது? அன்றைக்குப் பள்ளமாக இருந்த இடங்களிலெல்லாம் இன்றைக்கு வீடுகள். மாதா கோவிலில் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. கரையில் படகுகள், வலை காயப்போட்டிருந்த வெளி, மீன் விற்கிற சத்தம். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து முருகைக்கல் ஒன்று தலையை நீட்டியது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். கடற்கரையில் முருகைக்கல் எங்கேதான் இல்லை? வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "என்னம்மா துலைச்சனீங்கள்? தோடோ?" என்று எழும்பி வந்து தானும் குனிந்து தேடத் தொடங்கினாள். அந்த அன்பு எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. "ஒண்டுமில்லைப் பிள்ளை," என்று அக்கா சொன்னாள். அவள் பையில் ஒரு போத்தலில் பால் கொண்டுவந்திருந்தாள். ஊற்றவில்லை. "கண்ட இடமெல்லாம் ஊத்தேலாது," என்று வரும்போது சொன்னாள். வீட்டில் அதைக் காய்ச்சித் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தோம்.

வரலாற்றை எழுதிக் கொடுத்தேன். முருகைக்கல்லைப் பற்றி, சிலாகையைப் பற்றி, அரைவட்டத் துவாரங்களைப் பற்றி எழுதினேன். திரும்பக் கட்டியபோது விறாந்தை இடம் மாறியது என்றும், இடம்பெயர்ந்த குடும்பங்கள் அதில் வாழ்ந்தார்கள், சிலர் அதிலேயே செத்தார்கள் என்றும் இரண்டு வரி எழுதினேன். மலர் வந்தபோது அந்த இரண்டு வரியையும் காணவில்லை. அந்த இடத்தில் 'பழைமை மாறாது மீண்டும் எழுந்தது' என்று இருந்தது. போய்க் கேட்டேன். விழா மலரில் சாவு எதற்கு ரீச்சர் என்றார் அதிபர். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது சுகமாக இருந்திருக்கும்.

விடுமுறை முடிந்து வந்தபோது சித்திர அறையில் என்னுடைய மேசை இல்லை. கண்காட்சிக்கு எடுத்து மெருகேற்றக் கொடுத்தாயிற்று என்றார்கள். என்னைக் கேட்கவில்லை. அது என்னுடைய மேசையும் இல்லை.

விஜயதசமி வந்தது. அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கையில் வழக்கமான கிண்ணம், வழக்கமான பூ. தூணடியில் கோயில் எழும்பியிருந்தது. கம்பிக் கதவு, மாபிள், பெரிய சூலம். சனம் கும்பிட்டு நின்றது. அக்கா அதைத் திரும்பியும் பார்க்காமல் மண்டபத்துக்குள் போனாள். பழைய விறாந்தை இருந்திருக்கக்கூடிய பக்கமாக ரைல்ஸ் நிலத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை இருத்தியிருந்தார்கள். அக்கா ஓரமாக நின்று அவர்களைப் பார்த்தாள். ஒரு பிள்ளை விரலை அரிசியில் வைக்கமாட்டேன் என்று கத்தியது. எங்கே ஊற்றுவது? பாய்க்குக் கீழேயா, ரைல்ஸுக்கு மேலேயா? கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மண்டபத்தின் மற்றக் கரையில் கண்காட்சி. பழைய மணிக்கூடு, மைக்கூடு, படங்கள், நடுவில் மேசை. மினுங்கியது. 'முதல் அதிபர் காலத்து மேசை, பழைய நிலைக்குத் திருத்தப்பட்டது' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். வலப்பக்கத்து ஓட்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு புது லாச்சி, பித்தளைப் பிடியோடு, மற்ற லாச்சிகளின் அதே நிறத்தில், யாரும் வித்தியாசம் சொல்லமுடியாதபடி இருந்தது.

நான் அக்காவை மறிப்பதற்குள் அவள் கிட்டப் போய்விட்டாள். கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். காவலுக்கு நின்ற மாணவி, "அம்மா, தொடக்கூடாது," என்றாள். அக்காவுக்கு அது கேட்கவில்லை. குனிந்து, பிடியைப் பிடித்து லாச்சியை இழுத்தாள். அது உடனே கையோடு கழன்று வந்துவிட்டது. முகப்பு மட்டும்தான் பழைய அளவு. பின்னாலே ஒரு முழம்கூட இல்லை, மெல்லிய பலகை அடித்துக் குறுக்கி முடித்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு முகப்புப் போதும்தானே.

அக்கா அதை இரண்டு கையிலும் ஏந்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எடி, இது கட்டையெல்லே," என்றாள். "இதுக்குள்ளை அவனுக்குக் கால் நீட்டேலாது."

லாச்சியைத் திரும்ப மேசைக்குள் தள்ளி, அது நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.